ஆயிரத்து இருநூற்று ஐம்பது கிராம்

எடையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நான் லேசில் நம்பமாட்டேன். தொழில் அப்படி. ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருக்கிறேன். பெண்கள் பறித்து, தலைக்கயிற்றில் மாட்டி முதுகில் தொங்கவிட்ட சாக்கில் கொண்டுவரும் கொழுந்தை ஒரு நாளைக்கு மூன்று தடவை மடுவத்தில், அதாவது நிறுவைக் கொட்டகையில், நிறுத்து எழுதுவது என் வேலை. சாக்கில் தண்ணீர் தெளித்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. முற்றல் இலையை அடியில் திணித்து, தளிரை மேலே பரப்பிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. ஒருமுறை ஒரு சாக்கிலிருந்து கருங்கல்லே உருண்டு வந்து என் கால்விரலில் விழுந்தது. "அய்யய்யோ, இது எப்படிங்கய்யா உள்ள போச்சு?" என்று சாக்குக்காரி என்னையே கேட்டாள்.

அவர்களும் என் தராசை நம்புவதில்லை. சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று ஒவ்வொரு நிறுவையிலும் இரண்டு கிலோ கழிக்கச் சொல்லி ஆபீஸ் உத்தரவு. சுள்ளென்று வெயில் காய்கிற நாளிலும் கழிக்கிறேன். என்னைக் கண்டால் அவர்களுக்குச் சந்தேகம், அவர்களைக் கண்டால் எனக்குச் சந்தேகம். இப்படியே இருபத்தெட்டு வருடம் ஓடிவிட்டது.

என் மனைவியும் அதே மலையில் கொழுந்து பறித்தவள்தான். நான் கணக்கப்பிள்ளை ஆன பிறகும் அவள் மலைக்குப் போவதை விடவில்லை. வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் சாக்கை இறக்கி, மற்றவர்களைப் போலவே என்னிடம் நிறுத்துவிட்டுப் போவாள். போன வருடம் அவளுடைய வலது கை மரத்துப் போக ஆரம்பித்தது. முதலில் விரல் நுனி, பிறகு உள்ளங்கை. ஒரு நாள் தேத்தண்ணிக் கோப்பை கையிலிருந்து நழுவி அடுப்படியில் விழுந்து உடைந்தது. அது விழுந்ததே தெரியாமல் விரலை மடக்கியபடி நின்றாள். அன்றுதான் எனக்குப் பயம் வந்தது.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். கழுத்தெலும்பு தேய்ந்து நரம்பை அழுத்துகிறது என்றார்கள். பயிற்சி கொடுக்கும் மிஸ் ஒருத்தர், சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார்: செவ்வாய்க்கிழமை தோறும் தவறாமல் வந்தால் கை தேறும், இடையில் விட்டுவிட்டால் உணர்ச்சி திரும்பாது. இதில் புரியாமல் போக ஒன்றுமில்லை.

எங்கள் லயத்து வரிசை வீட்டிலிருந்து பஸ் நிற்கும் சந்திக்கு மூன்று மைல். அந்த பஸ்ஸிலும் உட்கார இடம் கிடைக்காது, நின்றால் கம்பியைப் பிடிக்க அவளுக்குக் கை இல்லை. என் மோட்டார் சைக்கிள்தான் கதி. பக்கத்து லயத்துக்காரர் ஒருவர் வளைவில் சறுக்கி விழுந்து தாடை உடைந்து, ஒரு மாதம் குழாய் வைத்துக் கஞ்சி குடித்தார். அவர் போட்டிருந்தது முகம் திறந்த ஹெல்மட். அதைக் கேள்விப்பட்டுக் கொழும்பில் வேலை செய்யும் எங்கள் மகள் போனிலேயே அழுதாள். "அம்மாவுக்கு முகம் மூடுற ஹெல்மட்தான் வாங்கணும், சொல்லிட்டேன்பா."

வாங்கினேன். கைக்குக் கிடைத்ததை வாங்கினேன். அது ஒரு குட்டிப் பாறாங்கல். முதல் செவ்வாய்க்கிழமை ஏழாவது வளைவிலேயே முதுகில் தட்டினாள். நிறுத்தினேன். கழற்றும்போது அவள் கண்ணில் தண்ணீர். "கழுத்து கழண்டு விழுற மாதிரி இருக்குங்க. கை முழுக்க எறும்பு ஊருது. இதப் போட்டுக்கிட்டு வைத்தியத்துக்குப் போனா வியாதிதான் கூடும்." பாதி வழியில் திரும்பிவிட்டோம்.

லேசான ஹெல்மட் தேடும் படலம் அப்போதுதான் தொடங்கியது. ராகலையில் ஒரு கடையில், ஆயிரத்து முந்நூறு கிராம் என்று பின்பக்கம் ஒட்டியிருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். கையில் வாங்கிய உடனேயே தெரிந்துவிட்டது, பொய். நிறுத்துக் காட்டச் சொன்னேன். "இது என்னாண்ணே கெழங்கா, நிறுத்து விக்கிறதுக்கு?" என்று கடைக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பக்கத்து மரக்கறிக் கடைத் தராசில் கொண்டுபோய் வைத்தேன். ஆயிரத்து ஐந்நூற்று இருபது! கடைக்காரர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. சரியாகச் சொல்லப்போனால், அந்த ஒரு வெற்றிதான் என்னைக் கெடுத்தது. ஊரில் உள்ள ஹெல்மட் கடைக்காரன் எல்லாம் திருடன் என்று அன்றே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

அடுத்த வாரம் நுவரெலியாவில் ஒரு கடை. மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் பழைய ஹெல்மட்டை மடியில் வைத்துக்கொண்டு, சீலைத் தலைப்பால் காதை மூடிக்கொண்டு வந்தாள். பொலிஸ் நிற்குமோ என்று எனக்கு ஒவ்வொரு வளைவிலும் திக்திக் என்றிருந்தது. கடைக்காரருக்கு என் வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, கழுத்து வலி என்றதும் வேறு எதையும் காட்டாமல் உள்ளேயிருந்து ஒரு வெள்ளை ஹெல்மட்டை எடுத்து வந்தார். ஆயிரத்து இருநூற்று ஐம்பது கிராம். அவரே தராசை எடுத்து மேசையில் வைத்து நிறுத்துக் காட்டினார். ஒரு கிராம் கூடவில்லை, குறையவில்லை.

கேட்காமலேயே நிறுத்துக் காட்டுகிறவனை எப்படி நம்புவது?

அவள் போட்டுப் பார்த்தாள். கொண்டையை அவிழ்த்துத் தாழ்வாகப் பின்னிக்கொள்ளச் சொன்னார் கடைக்காரர். கம்பளிக் குல்லாவையும் கழற்றச் சொன்னார். குல்லாவுக்கு மேல் போட்டு அளவு பார்த்தால் பெரிதாக வாங்கிவிடுவோமாம். இந்தக் குளிர் ஊரில் எல்லாரும் செய்கிற தப்பு அதுதானாம். "கன்னத்த லேசா நெரிக்கணும். தலைய ஆட்டுனா அதுவும் சேந்து ஆடணும், தனியா ஆடப்படாது. லூசா இருக்கிறதுதான் கழுத்த இழுக்கும், அக்கா." அவள் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள். ஹெல்மட்டின் கண்ணாடியை ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். பல மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு சிரிப்பு.

"இது நல்லாருக்குங்க. தலையில இருக்கிறதே தெரியல."

எனக்கு அதுவே போதுமாக இருந்தது, சந்தேகப்படுவதற்கு. தலையில் இருப்பதே தெரியாத பொருள் தலையை எப்படிக் காப்பாற்றும்? விரல் கணுவால் தட்டிப் பார்த்தேன். உள்பஞ்சை மோந்து பார்த்தேன், யாராவது போட்டுக் கழித்ததாக இருக்கும் என்று. பின்பக்கம் ஒட்டியிருந்த தர முத்திரையை நகத்தால் சுரண்டினேன். கடைக்காரர் பொறுமையாகத்தான் சொன்னார்: "பிளாஸ்டிக் இல்லண்ணே, இது நார் அடுக்கி செஞ்சது. அதான் லேசு, ஆனா உறுதி." எல்லாக் கடைக்காரனும் அப்படித்தானே சொல்வான்? யோசித்துச் சொல்கிறேன் என்று அவளை வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இத்தனை கூத்தில் பயிற்சி நேரம் தாண்டிவிட்டது. இரண்டாவது செவ்வாய்க்கிழமையும் அப்படிப் போனது.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை, ஹெல்மட் போடாமல் அவளை இன்னொரு தடவை ஏற்றிக்கொண்டு போகப் பயந்து, நான் மட்டும் போனேன். வேறு இரண்டு கடை பார்த்தேன். ஒன்றில் மூச்சு விட்டால் கண்ணாடி மங்கியது. இன்னொன்றில் தாடைப் பட்டி அறுந்துவிடும் போலிருந்தது. கடைசியில் பழைய கடைக்கே போய் நின்றேன். அவர் என்னைப் பார்த்ததும் அந்த வெள்ளை ஹெல்மட்டை எடுத்து ஒரு பையில் போட்டு நீட்டினார். "கொண்டு போங்கண்ணே. அக்கா ரெண்டு நாளைக்குப் போட்டுப் பாக்கட்டும். சரிவராட்டி திருப்பிக் கொண்டாங்க."

ஊர் பேர் தெரியாதவனிடம் சும்மா தூக்கிக் கொடுக்கிறான் என்றால், இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்றுதான் நினைத்தேன். அவருடைய தராசிலேயே ஏதாவது செய்து வைத்திருக்கலாம். தராசில் என்னென்ன செய்யலாம் என்று எனக்குத் தெரியாதா என்ன? இந்த உலகத்தில் எனக்கு நம்பிக்கையான தராசு ஒன்றுதான், என்னுடையது.

மறுநாள் பகல் நிறுவைக்கு ஹெல்மட்டையும் மடுவத்துக்குக் கொண்டுபோனேன். பெண்கள் சாக்கோடு வரிசையில் நின்றார்கள். என் மனைவி எனக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுவந்து ஓரமாக நின்றிருந்தாள். எல்லாரும் பார்க்கட்டும் என்றே தாடைப் பட்டியைக் கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டேன். தராசு ஒரு ஆட்டம் ஆடி நின்றது. ஒன்று புள்ளி இரண்டு ஐந்து கிலோ.

கடைக்காரர் சொன்னது உண்மைதான். எனக்கு என்னமோ ஏமாந்துபோன மாதிரி இருந்தது.

அப்போது வரிசையில் முதலாவதாக நின்றவள் குரல் கொடுத்தாள். "ஐயா, ரெண்டு கிலோவக் கழிங்க!"

மடுவமே அதிரும்படி சிரித்தார்கள். "கழிச்சா தொப்பியே இல்லாமப் போயிருமேடி!" "ஐயாதான் கடைக்காரனுக்கு முக்கா கிலோ திருப்பிக் குடுக்கணும்!" "ஈரத்துக்கும் கழிங்கய்யா!" எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "வாய மூடிக்கிட்டு வரிசையில நில்லுங்க" என்று கத்தினேன். அதற்கும் சிரித்தார்கள்.

சிரிக்காமல் நின்றது என் மனைவி மட்டும்தான். கிட்டே வந்து கொக்கியிலிருந்து ஹெல்மட்டை இடது கையால் கழற்றிக்கொண்டாள். என்னிடம் எந்த நாளும் சத்தம் போட்டுப் பேசாதவள், அன்றும் சத்தம் போடவில்லை.

"மூணு வாரமா இந்த ஒரு கிலோவுக்கு இத்தனை கடை ஏறி எறங்குனீங்க. இருவத்தாறு வருஷம் இதே எடத்துல என் சாக்க நிறுத்தீங்க. பதினெட்டு கிலோன்னா பதினாறுன்னு எழுதுனீங்க. அந்த ரெண்டு கிலோவும் என் தலைக்கயித்துலதாங்க தொங்குச்சு. நீங்க புத்தகத்துலதான் கழிச்சீங்க, என் கழுத்துல கழியலயே."

யாரும் சிரிக்கவில்லை. நான் வாய் திறந்தால் ஆபீஸ் உத்தரவு என்றுதான் சொல்லியிருப்பேன். அவளுக்குத் தெரியாததா அது? அவள் சோற்றுப் பார்சலை மேசையில் வைத்துவிட்டு, ஹெல்மட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படி இறங்கிப் போனாள். நான் மீதி நிறுவையை நிறுத்தேன். என்ன எழுதினேன் என்று இன்றைக்கும் ஞாபகமில்லை. பார்சலை அவிழ்க்கவே இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை போனோம். அவளே தலையைத் தாழ்வாகப் பின்னிக்கொண்டு, குல்லாவை வீட்டிலேயே வைத்துவிட்டு, வெள்ளை ஹெல்மட்டை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினாள். வளைவுக்கு வளைவு "கனக்குதா? கனக்குதா?" என்று கேட்டேன். "ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள். ஒரு தடவையும் முதுகில் தட்டவில்லை.

மிஸ் அவளுடைய விரல் ஒவ்வொன்றையும் ஊசிமுனையால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். பெருவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூன்றுக்கும் தெரிகிறது என்றாள். மற்ற இரண்டுக்கும் தெரியவில்லை. மிஸ் இன்னொரு தடவை அழுத்தித் தொட்டார். தெரியவில்லை. ஏன் மூன்று வாரம் வரவில்லை என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ஹெல்மட் கிடைக்கவில்லை என்றேன். எனக்கே அசிங்கமாக இருந்தது. இந்த மூன்று விரலையாவது காப்பாற்றலாம், மற்ற இரண்டுக்கும் உறுதி சொல்ல முடியாது, ஒரு வாரம்கூட விடவேண்டாம் என்றார். மனைவி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் காலை நிறுவை. மடுவத்தில் எப்போதும் போல மூடுபனி. முதலாவதாக வந்தவள், அன்றைக்கு இரண்டு கிலோவைக் கழிக்கச் சொன்ன அதே பெண். தலைக்கயிற்றைக் கழற்றிச் சாக்கை இறக்கினாள். இறக்கியதும் வலது கையை இரண்டு தடவை உதறினாள், விரலை மடக்கி நீட்டினாள். வருடக்கணக்காக என் கண்ணெதிரே எல்லாரும் செய்வதுதான் அது. அன்றுதான் பார்த்தேன்.

"கை மரத்துப் போகுதாம்மா?" என்று கேட்டேன்.

அவள் உதறுவதைச் சட்டென்று நிறுத்தினாள். கையைச் சீலைக்குள் இழுத்துக்கொண்டு, என்னையும் மேசையிலிருந்த புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இல்லீங்கய்யா. நல்லாத்தான் இருக்கு. எதுக்குக் கேக்குறீங்க? வேலைக்கு ஆகமாட்டாள்னு எம் பேர வெட்டவா?"