வீட்டுக்கு நாலு கொடி

ஈஸ்வரபாண்டி எப்போதும் குலையின் நுனியில் இருக்கும் பழத்தைத்தான் கிள்ளுவார். குலையில் கடைசியாகப் பழுப்பது அதுதான். அது இனித்துவிட்டால் மற்றதைப் பற்றிக் கவலை இல்லை. கிள்ளியதை வாயில் போட்டுக் கடிக்கிறார், கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார், “இனிப்பு ஏறிருச்சு, வெட்டுங்கத்தா” என்று பந்தலுக்கடியில் கத்தரியோடு நிற்கும் பெண்களிடம் சொல்கிறார். பிறகு சாறு, தோல், விதை எல்லாவற்றையும் வாய்க்கால் ஓரமாகத் துப்பிவிட்டு, தண்ணீர் வாங்கி வாய் கொப்பளிக்கிறார். ஒரு தடவை கொப்பளித்தால் அவருக்குப் போதாது. வாய் சுத்தமான பிறகுதான் அடுத்த கொடிக்கு நகர்கிறார்.

ஆள் நல்ல உயரம். பந்தல் அவரைவிடக் குட்டை. பாதி வாழ்க்கையைத் திராட்சைப் பந்தலுக்குள் குனிந்தே நடந்ததில், வெட்டவெளியில் நிற்கும்போதும் கழுத்து கொஞ்சம் முன்னால் வளைந்தே இருக்கிறது. உத்தமபாளையத்துக்குத் தெற்கே, பெரியாற்றுத் தண்ணீர் பாயும் பூமி. தோட்டத்துக்குள் கைலியும் பனியனும். ரோட்டுக்கு வந்தால் வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். ஊரில் ஒரு டீக்கடைத் தகராறில்கூட இவர் குரல் உயர்ந்ததாக யாரும் சொல்லவில்லை.

தோட்டம் பார்க்கப் போயிருந்த நான், அவர் துப்பியதைப் பார்த்து முதலில் அசந்துதான் போனேன். பெரிய ருசிக்காரர் போலிருக்கிறது, ஒரு பழத்துக்கு மேல் நாக்கு தாங்காது போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டு, தலைக்கு மேல் கறுத்துப் பளபளத்துக்கொண்டிருந்த ஒரு குலையை நோக்கிக் கையை நீட்டினேன். மனிதர் ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“அங்கன கைய வைக்காதீக தம்பி. இங்கன வாங்க.”

மோட்டார் ரூமுக்குப் பின்னால் கூட்டிப்போனார். அங்கே தனியாக ஒரு குட்டிப் பந்தல், நான்கே கொடிகள். குலைகள் சின்னதும் பெரியதுமாக, பழத்தில் தவிட்டு நிறப் புள்ளிகளோடு, பாதி குருவி கொத்தியதாக இருந்தன. பார்க்கச் சகிக்கவில்லை. தின்றால் தேன். “இது வீட்டுக்கு விட்ட கொடி. மருந்து படாதது” என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் ஒரு காய்ந்த இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

முன்பெல்லாம் இதைக் கொஞ்சம் பெருமையாகவே காட்டுவாராம். “ஒரு மழை பேஞ்சா போதும், மருந்து அடிக்கலைன்னா பந்தலே கருகிரும். நான் மட்டுமா அடிக்கிறேன்?” என்று கேட்பாராம். அப்படிக் கேட்பது நின்றுபோனது சென்ற வருடம், கொச்சிக்குப் போய் வந்த பிறகு. இதைச் சொன்னது அவருடைய மனைவி ஜோதிலட்சுமி. பாதிக் கதை அவர் சொன்னது, மீதி ஈஸ்வரபாண்டி துண்டு துண்டாகச் சொன்னது.

கொச்சியில், மட்டாஞ்சேரியில், ஹம்சா என்று ஒரு பழக்கடைக்காரர். பல வருடமாக இவருடைய திராட்சையை வாங்குகிறவர். இருவரும் முகம் பார்த்ததில்லை, எல்லாம் போனில்தான். ஈஸ்வரபாண்டியின் பெட்டி வந்தால் ஹம்சா திறந்துகூடப் பார்ப்பதில்லை, அப்படியே எடை போட்டு இறக்கிவிடுவார். வீட்டுக்கு வாருங்கள், ஊரைச் சுற்றிப் பார்க்கலாம் என்று அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததில், ஒருவழியாகப் புருஷனும் பெண்டாட்டியும் குமுளி பஸ் ஏறினார்கள்.

கிளம்புவதற்கு முன்தான் அந்தத் தப்பு நடந்தது. கையில் ஒரு பெட்டிப் பழம் கொண்டுபோக வேண்டும். ஈஸ்வரபாண்டி முதலில் வீட்டுக் கொடியில்தான் வெட்டி அடுக்கினார். அடுக்கிவிட்டுப் பார்த்தால் புள்ளியும் சொத்தையுமாக இருந்தது. இத்தனை வருடம் நம்பி வாங்கியவர் வீட்டுக்கு இதையா கொண்டுபோவது? பெட்டியைக் கவிழ்த்துவிட்டு, பெரிய பந்தலில் இருந்ததிலேயே லட்சணமான குலைகளாகப் பார்த்து நிரப்பினார். தூறல் போட்டிருந்ததால் அந்தப் பந்தலுக்கு அப்போதுதான் மருந்து அடித்திருந்தது.

“மருந்து ஞாவகமே வரலை தம்பி. பெட்டியத் தொறந்தா அவுக மொகம் எப்பிடி மலரும்னுதான் நெனப்பு” என்றார்.

கொச்சியைப் பற்றி ஜோதிலட்சுமியைக் கேட்க வேண்டும். படகில் ஏறிக் காயலைக் கடந்தது, பக்கத்தில் போன கப்பல் நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டைவிடப் பெரிசு, கரையோரம் சீனவலையை ஆறு பேர் தம் கட்டி இழுத்தால் ரெண்டு மீன் வந்தது, சரக்குக் கிட்டங்கித் தெருவெல்லாம் சுக்கும் மிளகும் மணத்தது என்று மூச்சுவிடாமல் சொல்கிறார். “வலை இழுத்த ஆளுக பாவம்னு இவுக போயி ஒரு கை புடிச்சாக” என்று சிரிக்கிறார். ஈஸ்வரபாண்டியைக் கேட்டால் ஒரே பதில்தான்: “தண்ணி. எங்கன பாத்தாலும் தண்ணி.”

அதற்குக் காரணம் ஹம்சாவின் வீடு. அடுப்படி மேடையில் ஓர் அகலமான பாத்திரம், நிறைய மஞ்சள் தண்ணீர். அதில் கறிவேப்பிலை, பச்சை மிளகாய், பாகற்காய் எல்லாம் மூழ்கிக் கிடந்தன. இது எதற்கு என்று ஜோதிலட்சுமி விளையாட்டாகக் கேட்டிருக்கிறார். ஹம்சாவின் மனைவி நபீசா தயங்கித் தயங்கி, தமிழ்நாட்டிலிருந்து வரும் காய் எல்லாம் மருந்து போக இப்படி ஊறவைத்துத்தான் சமைப்போம், ஒன்றும் நினைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். அதே மூச்சில், வீட்டில் மாசமாக இருந்த மருமகளுக்கு இவர்கள் கொண்டுவந்த திராட்சையை ஒரு தட்டு நிறைய எடுத்து நீட்டினார்.

“இது ஈஸ்வரேட்டன்றெ பழம். கழுகண்டா, தைரியமாயிட்டு கழிச்சோ.”

கழுவ வேண்டாம், தைரியமாகச் சாப்பிடு. பாதி மலையாளம் தெரிந்த ஈஸ்வரபாண்டிக்கு இது முழுசாகப் புரிந்தது. அந்தப் பெண் ஒரு பழத்தை வாயில் போட்டுவிட்டாள். அடுத்ததை எடுப்பதற்குள் இவர் எழுந்து போய்த் தட்டைப் பிடுங்கிவிட்டார். விருந்துக்குப் போன வீட்டில், பிள்ளைத்தாய்ச்சியின் கையிலிருந்து!

“புளிக்கும்த்தா... புளிக்கும்” என்று உளறினாராம். அவள் புளிக்கவே இல்லை என்று சிரித்தாள். ஹம்சாவும் சிரித்தார். நபீசா சிரிக்கவில்லை. இவர் முகத்தைப் பார்த்தார். வந்து, இவர் கையிலிருந்த தட்டை வாங்கினார். அப்படியே கொண்டுபோய் அந்த மஞ்சள் தண்ணீருக்குள் கவிழ்த்தார்.

“ஒரு வார்த்தை வையலை தம்பி. அதுக்கப்பறம் எனக்கு மீனு வறுத்துப் போட்டாக. ‘இன்னுங் கொஞ்சம்’னு வச்சாக. எனக்கு எறங்கல.” ஈஸ்வரபாண்டி இதைச் சொல்லும்போது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கே அங்கே உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருந்தது.

ஹம்சாவுக்கு அன்று நடந்தது இன்றுவரை புரியவில்லை. நபீசா சொல்லவில்லை போலிருக்கிறது. இவரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஹம்சா எப்போது போன் செய்தாலும் இவர் கேட்கும் முதல் கேள்வி, “மருமக சௌரியமா?” அவ்வளவு பாசம் என்று ஹம்சாவுக்கு நினைப்பு. உள்ளே போன அந்த ஒரு பழத்தைத்தான் இவர் விசாரித்துக்கொண்டிருந்தார்.

நான் இருக்கும்போதே போன் வந்தது. கையெல்லாம் பிசுக்கு என்பதால் ஸ்பீக்கரில் போட்டார். ஹம்சா தமிழ் என்று நினைத்துக்கொண்டு ஒரு மொழி பேசுகிறார்.

“ஈஸ்வரேட்டா! பெண்குட்டி பொறந்நு! அம்மைக்கும் குட்டிக்கும் ஒரு கொறைவும் இல்ல!”

ஈஸ்வரபாண்டி வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “நல்லாருக்கா? கை காலெல்லாம்...?” என்றார்.

“எல்லாம் நல்லாயிருக்கு. உங்க பழம் தின்ன குட்டியாக்கும்! கடைக்கு வரும் ஆளுககிட்ட எல்லாம் ஞான் அதுதன்னெ சொல்றேன். ஈஸ்வரேட்டன்றெ பழம், கழுகண்டா!”

இவர் வாயைத் திறந்தார். “பாய்...” என்றார். அந்தப் பக்கம் ஹம்சா காத்திருந்தார். இந்தப் பக்கம் நானும் ஜோதிலட்சுமியும் காத்திருந்தோம்.

“பாய்... வண்டியில ஒரு சின்னப் பெட்டி வருது. பாக்க நல்லாருக்காது. அது வீட்டுக்கு. பிள்ளை பெத்தவளுக்கு அதையே குடுங்க.”

“அப்போ மத்தது?”

“மத்தது... கடைக்கு.”

போனை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்தபடி இருந்தார். டிரைவர் நாகராஜ் பிக்-அப் வண்டியைப் பந்தல் வரை பின்னால் எடுத்து வந்து, பெட்டிகளை ஏற்றத் தொடங்கினான். நாலு கொடியில் வெட்டிய அந்தச் சின்னப் பெட்டியைத் தனியாக முன் சீட்டில் வைத்தான். இந்தத் தடவை வீட்டுக் கொடிப் பழம் முழுக்கக் கொச்சிக்குத்தான் போகிறது. எனக்குக் கொடுத்தது மீந்துபோன குலை.

ஜோதிலட்சுமி ஒரு சொம்பில் தண்ணீரோடு வண்டியின் பின்பக்கம் நின்று, ஏறிக்கொண்டிருந்த பெரிய பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். குரலில் கோபம் இல்லை.

“மத்த வீட்லயும் மாசமா இருக்கவுக இருப்பாக, என்னங்க?”

நாகராஜ் ஒரு பெட்டியைப் பாதியில் தூக்கியபடி நின்றுவிட்டான். ஈஸ்வரபாண்டி எழுந்து வந்தார். அந்தப் பெட்டிக்குள் கையை விட்டு, மேலாக இருந்த ஒரு குலையின் நுனியிலிருந்து பழத்தைக் கிள்ளி வாயில் போட்டார். கடித்தார். வழக்கம்போலக் கண்ணை மூடினார். ஜோதிலட்சுமி சொம்பை நீட்டினார்.

அவர் அதை வாங்கவில்லை. விழுங்கினார்.