இரண்டு துளைகளுக்கு நடுவே

தென்காசி நிலத்தடி நீர் அலுவலகத்தில் சொரிமுத்துவுக்கு மேஜை வேலை. துளை போடுகிறவர்கள் எழுதித் தரும் அழுக்குத் தாள்களைப் பார்த்து, ஒவ்வொரு துளையிலும் தரைமட்டம் என்ன, மண் எதுவரை, பாறை எங்கே ஆரம்பம் என்று பிரிப்பான். மண்ணுக்கு ஓர் எண், பாறைக்கு ஓர் எண் என்று கட்டங்களில் நிரப்புவான். அவை மெட்ராஸுக்குப் போய்க் கம்ப்யூட்டரில் ஏறும். பூமியைக் கத்தியால் வெட்டிப் பக்கவாட்டில் பார்த்தது போல ஒரு படம் திரும்பி வரும்.

எண்பத்து மூன்றில் சாரலே இல்லை. ஆடியிலும் குற்றாலத்து அருவிப்பாறை காய்ந்து கிடந்தது. குத்துக்கல்வலசையில் அவன் அண்ணன் தளவாயின் நாற்றெல்லாம் கருகிவிட்டது. வயலில் ஆழ்துளைப் போர் போடுவதென்று தளவாய் தீர்மானித்தான்.

அந்த வயலுக்குக் கிழக்கிலும் மேற்கிலும் அலுவலகம் போட்ட துளைகள் இருந்தன. இரண்டின் விவரத்தையும் நிரப்பியவன் சொரிமுத்துதான்.

"வேண்டாம்ணே. ரெண்டு பக்கமும் முழுப்பாறை. தண்ணி நிக்க ஒரு விரிசல்கூட கெடையாது."

"நடுவுல போட்டுப் பாத்தாங்களாலே?"

"இல்ல."

"பெறவு எப்படிச் சொல்லுதே?"

படத்தில் நடுவில் இருப்பது ஊகமாக இழுத்த கோடுதானே. ஒரு விரிசல் இருந்துவிடாதா என்று சொரிமுத்துவுக்குமே ஆசையாக இருந்தது.

தளவாய் உழவுமாடுகளை விற்றான். போர் வண்டி வந்தது. மதினி பாலம்மாள் சூடம் கொளுத்திக் கும்பிட்டாள். குழாய் இறங்க இறங்க வெள்ளைப் பொடிதான் கிளம்பியது. கூடி நின்றவர்கள் தலையெல்லாம் வெளுத்தது. ஈரம் என்று ஒன்று இல்லை.

"இன்னும் ஒரு கொழாய் எறக்குங்க," தளவாய் கெஞ்சினான்.

"வண்டியில இருந்ததெல்லாம் எறக்கியாச்சு அண்ணாச்சி."

சில நாளில் தளவாய் செங்கோட்டையில் ரயிலேறிப் புனலூர்ப் பக்கம் கூலி வேலைக்குப் போனான். முதலில் ஆள் மூலம் சேதி வந்தது. பிறகு அதுவும் நின்றது. சொரிமுத்து போய்த் தேடினான். அப்படி ஒருவனை அங்கே யாருக்கும் தெரியவில்லை.

அலுவலகத்தில் அதிகாரி வெங்கடேஸ்வரன் உற்சாகமாகக் கூப்பிட்டார்.

"குத்துக்கல்வலசையில யாரோ சொந்தமா போர் போட்ருக்காவளாம்வே. நம்ம ரெண்டு துளைக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லாம இருந்துச்சு. நல்லதாப் போச்சு. வெவரம் வாங்கிச் சேத்துரும்."

அது என் அண்ணன் வயல் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. வண்டிக்காரனிடம் விவரம் வாங்கி வந்தான். மண்ணுக்குரிய எண்ணைப் போட்டான். அதற்குக் கீழே கடைசிக் கட்டம் வரை பாறையின் எண்ணையே போட்டான்.

படம் வந்தபோது அதிகாரி மகிழ்ந்துபோனார். "பாத்தீரா, நாம இழுத்த கோடு அப்படியே நிக்கி!"

அன்று சாயங்காலம் மதினி வீட்டுக்குப் போனான். அவள் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அவுகளப் பத்தி ஏதும் தெரிஞ்சுதா?"

"இல்ல மதினி."

"நீங்க அன்னைக்கே சொன்னீய." அவள் தலை நிமிரவில்லை. "இன்னுங் கொஞ்சம் பலமாச் சொல்லிருக்கலாம்லா, கொழுந்தனாரே."

அவள் அடுத்த இலையை எடுத்து நறுக்கத் தொடங்கினாள்.