செத்தவரின் பாஸ்

சின்னராசா நல்லவன் என்று நான் சொல்ல வரவில்லை. குடித்தால் அவனுக்கு வாய் நீளும். என் கோழி ஒன்றைப் பிடித்துச் சுட்டுத் தின்றிருக்கிறான். ஆனால் ஓர்ஸ் ஹில் கடைக்காரரை அவன் சுட்டுக் கொல்லவில்லை. கடைக்காரர் செத்த அன்று காலை ஏழு மணிக்கு அவன் கடலில் நின்றான்.

எங்கள் சல்லிக் கிராமத்தில் பிறந்தவன். என் புருசன் இராசதுரையின் தோணியில்தான் தொழில் பழகினான். சண்டை மூண்ட பிறகு நேவி பாஸ் இல்லாமல் ஒருவரும் கடலில் இறங்க ஏலாது. விடியக் கரையில் நேவிக்காரர் காவல் நிற்கும் சென்றியில் பாஸைக் கொடுத்து, பெயர் பதிந்துவிட்டுப் போக வேண்டும். ஒருநாள் தோணி கவிழ்ந்து இவனுடைய பாஸ் போய்விட்டது. புதியது கேட்டு ஆறு மாதம் அலைந்தான். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் பட்டினி. செத்துப்போன என் புருசனின் பாஸை நான் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தேன். அதை எடுத்து இவனிடம் கொடுத்தேன். உப்புத் தண்ணீர் பட்ட படத்தில் எல்லா மீசையும் ஒன்றுதான்.

அதனால் நேவியின் புத்தகத்தில் அன்று கடலுக்குப் போனவர் இராசதுரை. சின்னராசாவின் பெயரே இல்லை. யாரோ ஒருவன் இவனைக் கடையடியில் கண்டதாகச் சொன்னான். தூக்கு என்று தீர்த்துவிட்டார்கள். வழக்கு நடக்கும்போதே மறியலில் போய்க் கம்பிக்கு வெளியே நின்று அவனைப் பார்த்தேன். “மாமி, பாஸ் கதையை எடுக்காதேங்கோ, உங்களையும் பிடிப்பாங்கள்” என்றான். நானும் பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது சனாதிபதிக்குக் கருணை மனு. அரசாங்கக் கச்சேரி வாசலில் பெட்டிசம் எழுதும் முத்தலிப்பிடம் மூன்று நாளாக நடக்கிறேன். ஏழை, பிள்ளைகுட்டிக்காரன், இரங்குங்கள் என்று அதையே டைப் மெசினில் திருப்பித் திருப்பித் தட்டுகிறார். பாஸைப் பற்றி எழுதமாட்டாராம்.

“ஆச்சி, மவுத்தான மனுசன் கடலுக்குப் போனதெண்டு எப்பிடி எழுதுற? பாஸ் கடலுக்குப் போனது சரி. அதோட போனது இவன்தான் எண்டு ஆர் கண்டது?”

“நான் கண்டனான். ஒன்பது மணிக்கு அவன் பிடிச்ச சாளை மீனைக் கரையில வாங்கி வித்தது நான்தான்.”

“உங்களையும் உள்ளுக்குப் போடுவாங்க.”

“போடட்டும், சமையல் வேலை மிச்சம். செய்யாதவனுக்கு என்னத்துக்குத் தம்பி இரக்கம்? நடந்ததை எழுதுங்கோ.”

முத்தலிப் மெசினிலிருந்த தாளை உருவிக் கசக்கினார். புதுத் தாளைச் செருகி, என் புருசன் செத்த திகதியைக் கேட்டார். சொன்னேன். அவர் தட்டி முடிக்குமுன்பே பெருவிரலில் மையைப் பூசிக்கொண்டு குந்தியிருந்தேன். மனிதர் மனம் மாறுவதற்குள் கைநாட்டை வைத்துவிட வேண்டும்.