போர்டைப் பார்த்து வந்த பதில்

அன்பானவர்களே, போன வருடம் பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில், எங்கள் வீட்டு ஜெபக் கூட்டத்தில் ஸ்டெல்லா அழுதாள். அயனம்பாக்கம் ஏரிப் பக்கம், எங்களுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவள். கணவர் இறந்துவிட்டார். இரண்டு பெண் பிள்ளைகள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் வேலை. அவளை மதிய ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். பிள்ளைகள் பள்ளி விட்டு வரும்போது வீட்டில் ஆளில்லை.

"ரெண்டையும் எதுனா இல்லத்துல சேத்துடலாம்னு கீறேன், பிரதர். வேற வழி தெரில," என்றவள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நான் ஜெபித்தேன். என் ஜெபத்தைப் பற்றி எங்கள் குழுவில் ஓர் எச்சரிக்கை உண்டு: அடுப்பில் எதையும் வைத்துவிட்டு வரக்கூடாது. கொஞ்சம் படித்தவன், விருப்ப ஓய்வு வாங்கியவன். வார்த்தைக்கும் பஞ்சமில்லை, நேரத்துக்கும் பஞ்சமில்லை. "ஆண்டவரே, இந்தச் சிறுமிகளுக்கு ஒரு நல்ல இல்லத்தின் கதவைத் திறந்தருளும்" என்பதையே விதவிதமாகச் சொல்லி மன்றாடினேன். எழுந்தபோது முழங்கால் மரத்துப்போயிருந்தது.

பூந்தமல்லிக்கு அப்பால் எனக்குத் தெரிந்த இல்லம் ஒன்று இருந்தது. பேசினேன். இடம் தருவதாகச் சொன்னார்கள். ஸ்டெல்லாவைச் சனிக்கிழமை பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டு, ஜெபம் கேட்கப்பட்டது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை காலை. கைலியும் ஓட்டை பனியனுமாகச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே ஸ்டெல்லா நின்றாள், கையில் டிராவல் பேக். மூத்தவள் ஜெனி எங்கள் கேட் தூணில் பதித்திருந்த பெயர்க்கல்லை எழுத்துக்கூட்டினாள். "ஆ... று... தல்... இல்லம்."

நான் வைத்த பெயர்தான். நம் ஆட்கள் வீடு கட்டினால் வேறு எப்படிப் பெயர் வைப்பார்கள்?

"ம்மா, இல்லம் வந்துடுச்சு!" என்றவள், என்னைப் பார்த்ததும் விறைப்பாக நின்றாள். "குட்மார்னிங், வார்டன் சார்!"

"அது வார்டன் இல்லக்கா, வாட்ச்மேன்," என்று சின்னவள் திருத்தினாள். என் பனியனை வைத்துப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி.

ஸ்டெல்லாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "ஏய், இது பிரதர் ஊடுடி. நம்ம போறது வேற இல்லம். பஸ் புடிச்சுப் போணும்."

ஜெனி யோசித்தாள். "இதுவே நல்லாத்தான கீது? நம்ம ஊட்லருந்து நடந்தே வந்துட்டோம். இதுலயே சேத்துடும்மா. நீ டெய்லி வந்து பாக்கலாம்." பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வார்டன் சார், எங்கம்மாவ டெய்லி உள்ள உடுவீங்கல்ல?"

டியூபிலிருந்து தண்ணீர் என் காலிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. அன்றுதான் வார்த்தைக்குப் பஞ்சம் வந்தது.

வாசலில் நின்றிருந்த என் மனைவி குளோரிதான் பேசினாள். "முட்டி போட்டு இல்லம் இல்லம்னு நீங்கதானங்க கேட்டீங்க? ஆண்டவரு நம்ம போர்டைப் பாத்துக் கரெக்டா அனுப்பிட்டாரு. போய்ச் சட்டையப் போட்டுக்கினு வாங்க."

அவ்வளவுதான். பேக் திரும்பிப் போயிற்று. அந்தத் திங்கள் முதல் பிள்ளைகள் பள்ளி விட்டு எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். நாங்கள் ஊருக்குப் போகும் நாட்களில் ஜெபக் குழுவில் வேறொருவர் பார்த்துக்கொள்கிறார். டிவி ரிமோட் என் கையை விட்டுப் போய்விட்டது. வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கப் போய், எனக்குக் கணக்கு வராது என்ற உண்மையும் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. இதற்காகவும் ஸ்தோத்திரம் சொல்லப் பழகிவிட்டேன்.

இல்லங்களை நான் குறை சொல்லவில்லை. யாருமற்ற பிள்ளைகளுக்கு அவை வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கோ அம்மா இருந்தாள். சாயங்காலத்துக்கு மட்டும்தான் ஆள் தேவைப்பட்டது. அந்தச் சின்னத் தேவைக்கு நான் ஒரு குடும்பத்தையே பிரிக்க இருந்தேன், அதுவும் கண்ணீரோடு ஜெபித்து! தேவன் என் தமிழை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டார். அவருக்கே மகிமை.

ஷிப்டு முடிந்து ஸ்டெல்லா கேட்டைத் தட்டி, "வாங்கடி, ஊட்டுக்குப் போலாம்," என்பாள். என் நீண்ட ஜெபத்துக்கு அதுதான் ஆமென்.

பிரியமானவர்களே, நீங்களும் நம்பிக் கேளுங்கள்; அவர் தருவார். ஆனால் முழங்கால் போடும் முன், உங்கள் வாசலில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துவிடுங்கள். பனியனும் நல்லதாக இருக்கட்டும்.