வடக்கே ஓடுபாதை, கிழக்கே குசினி

அன்று கிண்ணியாவுக்கு மகனையும் தூக்கிக்கொண்டு போனேன். அவன் பால்குடிப் பிள்ளை என்பதாலா, பிள்ளைக்காரியை இராணுவச் சோதனைச் சாவடியில் மறிக்கமாட்டார்கள் என்பதாலா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

“பிள்ளையைக் காட்டித்தான் உம்மட வேலை நடக்குதோ?” என்று கணவர் கேட்டார்.

“பசிச்சால் அழுவான். விட்டிட்டுப் போக ஏலாது.”

“அம்மாட்ட விடலாம்தானே.”

விட்டிருக்கலாம்.

1. முடிவெட்டிய விமானி

திருகோணமலையில் ஒரு பிரக்கிராசியாரிடம், அதாவது சட்டத்தரணியிடம், எழுதுவினைஞராக இருக்கிறேன். உறுதிப் பத்திரம் எழுதுவதும் காணி வழக்குகளுக்கு விவரம் சேர்ப்பதும் என் வேலை. இங்கிலாந்திலிருந்து ஒரு முதிய பெண் எங்களிடம் வேறொன்று கேட்டிருந்தார். அவருடைய அண்ணன் ஹென்றி இரண்டாம் உலகப் போரில் சீனன்குடா விமானத் தளத்தில், இப்போதும் படையினரிடம் உள்ள அதே தளத்தில், விமானியாக இருந்து இறந்தவர். கல்லறை இருக்கும் இடம் தங்கைக்குத் தெரியும். அண்ணன் இங்கே எப்படி வாழ்ந்தார், யாரோடு சிரித்தார் என்பதுதான் தெரியாது.

“இது வழக்கில்லைப் பிள்ளை,” என்றார் பிரக்கிராசியார். “ஆனா மனிசி தனிய இருக்குதாம். விசாரிச்சுப் பாருங்கோ.”

தன் மாமா சிறுவயதில் அந்த முகாமின் குசினியில், சமையற்கட்டில், வேலை செய்தவர் என்று எங்கள் கட்சிக்காரர் ஒருவர் சொன்னார். அவரைத் தேடித்தான் கிண்ணியாவுக்குப் போனேன். பெயரை இங்கே எழுதவில்லை. அப்பா என்றே கூப்பிட்டேன்.

“என்றி தொரயா? தெரியாம என்ன மகள்! வேம்புக்குக் கீழ கதிரயப் போட்டு எல்லாருக்கும் முடி வெட்டுவாரு. எனக்கும் வெட்டினாரு. ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் கொற. உம்மா பாத்துட்டு, ‘ஒன்ட தலையில ஆடு மேஞ்சதாடா’ண்டு கேட்டா!”

தங்கள் தகப்பனார் சலூன் வைத்திருந்தவர் என்று தங்கை எழுதியிருந்தார். நான் அதை அப்பாவிடம் சொல்லவேயில்லை. அப்பா சொல்வது அதே ஹென்றியைத்தான் என்று தெரிந்துவிட்டது. வேம்பு எங்கே நின்றது, குசினி எங்கே, ஹென்றி படுத்த கொட்டில் எங்கே என்று கேட்டுக்கொண்டே போனேன். காணி வழக்கென்றால் நாங்கள் முதலில் நான்கு எல்லையையும் கீறுவோம். அந்தப் பழக்கத்தில் ஒரு தாளில் கீறினேன். வடக்கே ஓடுபாதை, கிழக்கே குசினி. தங்கைக்கு அனுப்புவதற்காக ஆங்கிலத்திலேயே எழுதினேன்.

2. சாவடி

திரும்பும் வழியில் எல்லோரையும் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். பெண் பொலிஸ் மகனை நிலத்தில் விடச் சொன்னார். நான் இரண்டு கைகளையும் தூக்கி நின்றேன். பையிலிருந்த தாள் ஓர் இளம் இராணுவ வீரரின் கைக்குப் போனது.

“ரன்வே எழுதியிருக்கு. யாருக்கு இது?”

“செத்துப்போன ஒராளைப் பற்றி விசாரிக்கிறன் ஐயா. அந்தக் காலத்து வெள்ளைக்காரர்.”

“செத்த ஆளுக்கு ஏன் மெப்?”

தூக்கிய கையில் ஒன்றைத் தாளுக்கு நீட்டினேன்; அவர் விலக்கிப் பிடித்தார்.

“யார் சொன்னது?”

அப்பாவின் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த நேரம் மகன் அந்த வீரரின் சப்பாத்து நாடாவைப் பிடித்து இழுத்தான். அவர் குனிந்து பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது. தாளை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்தார்.

“பபாவ தூக்குங்க. போங்க.”

3. இப்போது

தாள் அந்த வீரரிடம்தான் இருக்கிறது. காணிப் படம் கீறினால் கீழே சாட்சியின் பெயரையும் எழுதுவது வழக்கம். அதில் அப்பாவின் பெயரை எழுதினேனா? இல்லை என்று காலையில் நினைக்கிறேன். மத்தியானம் மகனுக்குச் சோறு தீத்தும்போது, எழுதினேன் என்று தோன்றுகிறது.

நான் படித்த பாடம் இதுதான்: கேள்வி இறந்தவரைப் பற்றியதானாலும், பதில் சொல்பவர் உயிரோடு இருப்பவர்.

அப்பாவிடம் இதைச் சொல்லியாக வேண்டும். அவருடைய மருமகனான எங்கள் கட்சிக்காரரிடம் சொல்லியனுப்பினால் இன்னொருவரையும் இதில் இழுத்துவிடுவேன். நானே போவதென்றால் அதே சாவடியைத் தாண்ட வேண்டும். தனியாகப் போனால் மறிப்பார்கள். பிள்ளையோடு போனால் விடுவார்கள்.

ஆனால் இப்போது சீருடையைக் கண்டால் மகன் இரண்டு கைகளையும் தூக்குகிறான். தன்னைத் தூக்கச் சொல்கிறான் என்கிறார் மாமி, கணவரின் அம்மா. சாவடியில் நான் நின்ற நிலையைப் பார்த்தவன் அவன்.

பிள்ளை வளர்க்கும் வாசகர்களே, நான் அவனைக் கொண்டு போகவா, விட்டுவிட்டுப் போகவா? தயவுசெய்து எழுதுங்கள்.