ஜப்பான் கடையில் பெண் பார்த்த கதை

பெண் பார்க்கப் போகிற ஆண் வாயைத் திறக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கத்து வழக்கங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பெரியவர்கள் பேசுவார்கள். அவன் தேநீரைக் குடித்துவிட்டு, சுவரையோ கூரையையோ பார்த்துக்கொண்டிருந்தால் போதும். நான் மேசன், வீடு கட்டுகிறவன். சுவரையும் கூரையையும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்ப்பேன்.

ஆனால் எனக்கென்று பேசி வந்த பெண் இந்த வழக்கத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

அவளை எனக்கு முன்பே தெரியும். தெரியும் என்பது கொஞ்சம் பெரிய சொல். சுனாமிக்குப் பிறகு தேற்றாத்தீவுப் பக்கம் ஒரு வீட்டுத்திட்டத்தில் வேலை செய்தேன். அவளுக்கும் அவளுடைய தாய்க்கும் கிடைத்த வீட்டுக்குச் சுவர் வைத்துப் பூசியது நான்தான். அவளுடைய கணவனைக் கடல் கொண்டு போயிருந்தது. அவள் தினமும் வந்து, வீடு எழும்புவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பத்து மணிக்குத் தேத்தண்ணி தருவாள். நான் குடித்துவிட்டுக் கோப்பையை யன்னல் விளிம்பில் வைப்பேன். எங்களுக்குள் நடந்தது அவ்வளவுதான்.

பிறகு சண்டை எங்கள் படுவான்கரைக்கு வந்தது. வாவியின் மேற்குக் கரையில் இருந்த நாங்கள் எல்லோரும் முகாமுக்குப் போனோம். திரும்பி வந்து, கூரையில்லாத வீட்டுக்குக் கூரை போட்டு, சண்டையும் ஒரேயடியாக முடிந்தபோது எனக்கு நாற்பது நெருங்கிவிட்டது. அக்காவுக்குப் பொறுக்கவில்லை. எனக்காகப் பேசுவது சின்ன வயதிலிருந்தே அவருடைய வேலை. ஐந்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதையும் வாத்தியாருக்கு அக்காதான் போய்ச் சொன்னார். அவரே ஆள் வைத்து இந்தச் சம்பந்தத்தைக் கேட்டனுப்பினார். பதில் இப்படி வந்தது:

"அந்த மேசனா? நல்ல மனுசன்தான். ஆனா அவ்வளவு காலம் எங்கட வளவுக்குள்ள நிண்டு வேலை செஞ்சும், தேத்தண்ணிக்குச் சீனி காணுமா எண்டு கேட்டா தலையைத்தான் ஆட்டுவாரு. அவர் தன்ர வாயால என்னட்டக் கேட்கட்டும். அவர்ர அக்கா கேட்டாச் சரிவராது."

எங்கள் பகுதியில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண்ணின் வீட்டுக்குப் போய் இருப்பான். வாய் பேசாத ஒருவனை வீட்டுக்குள் எடுப்பதற்கு அவள் யோசித்தது நியாயம்தான். எனக்கும் அவளைப் பிடித்திருந்தது. தேத்தண்ணிக்குச் சீனி சரியாகத்தான் இருந்தது. அதைச் சொல்லத்தான் முடியவில்லை.

சந்திப்பதற்கு அவளுடைய தம்பி ஓர் இடம் சொன்னான். வீட்டுத்திட்டத்தில் என்றால் வேலிக்கு வேலி தலை முளைக்கும். பேச்சு முறிந்தால் கதை அவள்மேல்தான் விழும். அவன் கல்குடாக் கடற்கரையில் ஒரு ஜப்பான்காரரின் சாப்பாட்டுக் கடையில் சமைத்துக்கொண்டிருந்தான். சுனாமியில் உப்பாகிப்போன கிணறுகளை இறைக்க வந்தவர் அந்த ஜப்பான்காரர். சண்டை முடிந்ததும் திரும்பி வந்து, தென்னங்கிடுகுக் கூரை போட்டுக் கடை திறந்திருந்தார். அங்கே எங்கள் ஊரவர் ஒருவரும் வரமாட்டார்கள் என்பது தம்பியின் கணக்கு.

பஸ்ஸில் போகும்போது அக்கா எனக்குப் பாடம் எடுத்தார்.

"ஒரே ஒரு கேள்விதான்டா. 'என்னை முடிக்க உங்களுக்குச் சம்மதமா?' அவ்வளவுதான். எங்க, சொல்லு பார்ப்பம்."

"இஞ்சயா?"

"ஆரும் கேட்கமாட்டாங்க, சொல்லு."

நான் யன்னல் பக்கம் திரும்பி மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். முன் இருக்கையில் இருந்த வயதான மனிதர் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எழுந்து போய் வேறு இடத்தில் இருந்துகொண்டார்.

அக்கா ஒரு கையில் அடையாள அட்டையைப் பிடித்தபடியே வந்தார். காவலரண்களில் இறங்கி, வரிசையில் நடந்து, அட்டையைக் காட்டி, மறுபடி ஏறிப் பழகிய கை அது. அன்று ஒருவரும் எங்களை இறக்கவில்லை. செங்கலடி தாண்டியும், வாழைச்சேனை தாண்டியும் அந்த அட்டை கைப்பைக்குள் போகவில்லை.

கடை வாசலில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் நின்றார். அக்கா நேரே போய் அட்டையை நீட்டினார். அவர்தான் கடைக்காரர். அவர் குனிந்து, இரண்டு கைகளாலும் அதை வாங்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மரியாதையாக வாசித்தார். பிறகு தன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து, மறுபடி குனிந்து, இரண்டு கைகளாலும் அக்காவிடம் கொடுத்தார். அக்கா அதை உற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"இவருக்கும் செக்கிங் இருந்திருக்கு போல, பாவம்."

"வாங்க கா, உள்ளுக்கு வந்து இரிங்க கா" என்றார் கடைக்காரர். அவர் தமிழ் பழகியது சுனாமி முகாமில் சமைத்த பெண்களிடம். அதனால் ஆண், பெண் எல்லோரும் அவருக்குக் 'கா'தான். என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்.

செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் இருக்க வேண்டும் என்பது அக்காவுக்குப் பிடித்துவிட்டது. அவளும் தாயும் முன்பே வந்து இருந்தார்கள். நடுவில் முழங்கால் உயர மேசை, அதில் காஸ் அடுப்பு, அடுப்பில் ஒரு மண்சட்டி. சட்டிக்குள் மாசிக்கருவாடு மணக்கிற வெறும் தண்ணீர். நான் அவளை ஒருமுறை பார்த்தேன். அவளும் பார்த்தாள். உடனே கூரையைப் பார்த்தேன். கூரையைத் தாங்கும் வளை கொஞ்சம் சரிந்திருந்தது.

தம்பி ஒரு பெரிய தட்டத்தைக் கொண்டுவந்து வைத்தான். பச்சை இறால், பச்சை மீன் துண்டு, கோழி, கீரை, காளான், பால்கட்டி போன்ற வெள்ளைச் சோயாக் கட்டி. அக்கா ஒரு இறாலைத் தூக்கித் தலையை நசித்துப் பார்த்தார். மீனை மணந்தார்.

"நல்ல சாமான். சரி தம்பி, கொண்டுபோய் ஆக்குங்க" என்று தட்டத்தைத் திருப்பி அவன் கையில் கொடுத்தார்.

"இல்லக்கா, நீங்கதான் இதுக்குள்ள போட்டு அவிச்சுத் திங்கணும்."

"விருந்துக்குக் கூப்பிட்டு எங்களையே ஆக்கச் சொல்றீங்களா?"

"இஞ்ச எல்லாருக்கும் அப்பிடித்தானக்கா."

"அப்ப நீங்க இஞ்ச என்ன வேலை தம்பி பார்க்கிற?"

அவன் சிரித்துக்கொண்டு போய் இன்னொரு தட்டத்தோடு வந்தான். அதில் குச்சியில் குத்திப் பொரித்த கோழி, ஈரல், வெண்டிக்காய். பக்கத்தில் ஒரு கிண்ணம் கறுப்புக் குழம்பு. எல்லோருக்கும் பொதுவான கிண்ணம். ஒரு குச்சியை ஒருமுறைதான் அதில் தோய்க்கலாம், கடித்த பிறகு தோய்க்கக் கூடாது என்று மூன்று மொழிகளில் எழுதிச் சுவரில் தொங்கவிட்டிருந்தார்கள். அவளுடைய தாய் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"இந்தக் கடைக்காரன் எச்சில் பார்க்கிற மனுசன். நல்ல குடியில பிறந்திருக்கான்."

அதே நேரம் அடுத்த மேசையில், பாலம் கட்ட வந்த நாலு ஜப்பான்காரர்கள் ஒரே சட்டிக்குள் தாங்கள் சாப்பிடுகிற இரட்டைக் குச்சிகளை விட்டு, எடுத்து, வாயில் வைத்து, மறுபடி அதே குச்சியைச் சட்டிக்குள் விட்டார்கள். தாயின் முகம் பழையபடி சுருங்கியது.

"குழம்புக்கு எச்சில் பார்த்துட்டு சட்டியில விட்டுட்டாங்களே."

எங்கள் சட்டி கொதித்தது. ஒருவரும் கை நீட்டவில்லை. பெண் வீட்டார் பரிமாறட்டும் என்று அக்கா இருந்தார். மாப்பிள்ளை வீட்டார் முதலில் தொடட்டும் என்று தாய் இருந்தார். "எடுங்க மாமி" என்றார் அக்கா. "நீங்க எடுங்க மகள்" என்றார் தாய். தண்ணீர் வற்றிக்கொண்டு போனது. கடைக்காரர் தூரத்தில் நின்று, ஏதோ பிழையாகிவிட்டது என்று கைகளைப் பிசைந்தார். தம்பி வந்து தண்ணீர் ஊற்றினான். அதுவும் வற்றியது.

வேறு வீடு என்றால் பெண் எழுந்து பரிமாறியிருப்பாள். அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். ஒருமுறை கரண்டிப் பக்கம் கை போனது. தாய் பார்த்தார். கை திரும்பி மடிக்கே வந்தது. நல்ல காரியம் பேசுகிற இடத்தில், கணவனை இழந்தவள் முதலில் தொடக்கூடாது என்று தாய்க்குப் பயம். அது எனக்கு விளங்கியது. அக்காவுக்கும் விளங்கியிருக்க வேண்டும், "எடுங்க மாமி" என்பதை நிறுத்திக்கொண்டார்.

நான் கரண்டியை எடுத்தேன்.

ஏன் எடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. சும்மா இருக்கிற கை எனக்குப் பழக்கமில்லை, அதுவாக இருக்கலாம். தட்டத்தில் இருந்ததை எல்லாம் ஒரேயடியாகச் சட்டிக்குள் தள்ளி, சாந்து குழைப்பதுபோல் ஒரு பிரட்டுப் பிரட்டினேன். அடுத்த மேசைக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வெந்ததும் கரண்டியால் அள்ளி, முதலில் தாய்க்கு, பிறகு அவளுக்கு, பிறகு அக்காவுக்கு வைத்தேன். ஒருவருடைய குச்சியும் சட்டிக்குள் போகவில்லை.

"எச்சில் படாமப் போடுறாரு" என்றார் தாய்.

"எங்கட வீட்டுலயும் இவன்தான் போடுற" என்றார் அக்கா. சுத்தப் பொய்.

சாப்பாட்டில் உறைப்பு என்பதே இல்லை. அக்கா கைப்பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். செத்தல் மிளகாய் இடித்த கட்டைச் சம்பல். எங்கே போனாலும் அது அவரோடு வரும். ஒருவரையும் கேட்காமல் சட்டிக்குள் கொட்டினார். தண்ணீர் சிவந்தது. கடைக்காரர் ஓடி வந்து, ஒரு சின்னக் கிண்ணத்தில் அள்ளிக் குடித்து, இருமி, கண்ணைத் துடைத்து, "நல்லம் கா, இது என்ன கா?" என்றார். தம்பியை இறைச்சி சுடும் இடத்தில் விட்டுவிட்டு, அக்காவைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனார். செய்முறை கேட்க ஒருவர் கிடைத்தால் அக்கா எனக்குப் பெண் பார்க்க வந்ததையும் மறப்பார். போகும்போது மட்டும் திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். கேளுடா என்று அர்த்தம்.

கேட்கத்தான் வேண்டும். அதற்கு முன்னால் ஒரு வாய் சாப்பிடலாம் என்று, முழுதாகக் கிடந்த ஒரு வெள்ளைக் கட்டியை வாய்க்குள் போட்டேன். வெளியே ஆறியிருந்தது. உள்ளே நெருப்பு. துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. பெண் பார்க்க வந்த இடம். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் வடிந்தது.

தாய் அதைப் பார்த்துவிட்டார்.

"பாவம், இளகின மனசு" என்று மகளிடம் மெல்லச் சொன்னார். "எல்லாத்தையும் நினைச்சு அழுறாரு. நான் கை கழுவிட்டு வாறன். நீங்க கதைங்க."

நாங்கள் இருவரும் சட்டியும் மிஞ்சினோம். நாக்கு வெந்துபோயிருந்தது. பஸ்ஸில் பழகிய கேள்வி அதோடு போய்விட்டது. கடற்காற்று மாறி, கோழி சுடுகிற புகை முழுவதும் எங்கள் பக்கம் வந்தது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"எங்கட குசினியும் இதே சீர்தான்" என்றாள். "ஒரு நாளைக்குச் சமைச்சா ரெண்டு பேரும் அழுது முடிக்கிறம்."

எனக்கு அந்தக் குசினி தெரியும். வெளிநாட்டில் கீறி வந்த வரைபடத்தில் காஸ் அடுப்புத்தான் இருந்தது. விறகு எரிக்கிற வீட்டில் புகை போக வழி வேண்டும் என்று படம் கீறியவருக்கு யார் சொல்வது?

"வடக்குச் சுவர்ல ஒரு புகைக்கூடு வெக்கலாம்" என்றேன். நாக்கு வெந்ததால் வார்த்தை கொழகொழவென்று வந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். "என்ன சொன்னீங்க?"

"புகைக்கூடு. அடுப்புக்கு மேலால. மழைத்தண்ணி வராம ஓடு கவிழ்த்து வெக்கலாம். காத்து தெற்கால வந்தாலும் புகை உள்ளுக்குத் திரும்பாது." என் வாழ்க்கையில் ஒரு பெண்ணிடம் அவ்வளவு நேரம் நான் பேசியதில்லை.

"ஆர் வந்து வெக்கிற?"

"நான்."

"வெச்சிட்டு? மறுகா கோப்பையை யன்னல்ல வெச்சிட்டுப் போயிருவீங்களா?"

சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. நான் அடுப்பைக் குறைத்தேன். கரண்டியைக் கீழே வைத்தேன். பிறகு மறுபடி எடுத்துக்கொண்டேன், கை சும்மா இருந்தால் வாயும் சும்மா இருந்துவிடும் என்று.

"இல்ல. போறதுக்கு இல்ல" என்றேன். "உங்கட வீட்டுக்கு வந்து இருக்கட்டா? உங்களுக்கு விருப்பம் எண்டா."

அவள் என் கையிலிருந்த கரண்டியை வாங்கி, சட்டிக்குள் தேடி, கடைசியாகக் கிடந்த இறாலை எடுத்து என் கிண்ணத்தில் வைத்தாள்.

"ஆறட்டும். மறுகா தின்னுங்க" என்றாள்.

அக்கா புடைவையில் சம்பல் மணக்கத் திரும்பி வந்தார். என் முகத்தைப் பார்த்தார். வழக்கம்போல ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவெடுத்திருப்பார். பாயில் இருந்து, தொண்டையைச் செருமி, "இஞ்ச பாருங்க புள்ள, இவனுக்குக் கதைக்க வராது, ஆனா..." என்று தொடங்கினார்.

"அவர் கேட்டுட்டார் மச்சி" என்றாள் அவள்.

வந்ததிலிருந்து அக்கா, அக்கா என்று கூப்பிட்டவள். கணவனின் அக்காவைத்தான் எங்கள் பக்கம் மச்சி என்பார்கள். அக்கா திறந்த வாயை மூடவில்லை. பேசவும் இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸிலும் அப்படித்தான். ஒரு கையில் அடையாள அட்டை, மறு கையில் ஜப்பான்காரரின் அட்டை. செங்கலடிச் சந்தியில் ஆட்கள் இறங்கி ஏறிய பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"என்னெண்டுடா கேட்ட?"

"குசினிக்குப் புகைக்கூடு வெக்கலாம் எண்டன்."

"அதுக்கா ஓம் எண்டாள்?"

"ஓம்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"முதல்லயே தெரிஞ்சிருந்தா, ரெண்டு செங்கல்லைக் கையில தந்து உன்னைத் தனிய அனுப்பியிருப்பன்" என்றார்.