வரையாட்டுக்குட்டி கேட்ட கேள்வி

மூணாற்றுக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலை எஸ்டேட்டில், கொழுந்து கிள்ளப் போகிற பெண்கள் காலையில் பிள்ளைகளைக் கிரெச்சில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். சிசிலி ஆயா இருக்கிற தைரியம். மூக்கைச் சிந்திவிடுவாள், கஞ்சி ஊட்டுவாள், அட்டை கடித்த காலுக்கு உப்பு வைப்பாள். பதினோரு வருஷத்தில் ஒரு பிள்ளைகூட அவள் கையில் அடிபட்டதில்லை. இதை இப்போதே சொல்லிவைப்பது நல்லது. பிற்பாடு எஸ்டேட்டில் ஒருத்தருக்கும் இது ஞாபகம் வரவில்லை.

அந்தப் பதினோரு வருஷமும் அவள் மாத்திரையோடு இருந்தாள். அதற்கு முன்னால் வயிற்றிலேயே ஒரு பிள்ளை செத்துப் பிறந்து, மூன்று மாதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள்தான். புருஷன் கபிரியேல் ஜீப் பிடித்து மலைக்குக் கீழே மனநோய் டாக்டரிடம் கொண்டுபோனான். கேட்டவர்களிடம் பிரஷர் என்று சொல்லிவைத்தான். சுவரோடு சுவர் ஒட்டின லயத்து வீட்டில் எதையும் ஒளிக்க முடியாது என்பதால், மாத்திரை கிரெச் அலமாரியில் பவுடர் டப்பாவுக்குள் இருந்தது. மத்தியானம் பிள்ளைகள் தூங்கியதும் ஒன்றை விழுங்குவாள். தூங்காத ஒரே பிள்ளை நிமி. நாலு வயது. அவள் மட்டும் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

போன வருஷம் ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்து டிவியும் கார்ட்டூன் படங்களும் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதில் ஒரு வரையாட்டுக்குட்டி. அதன் அம்மாவுக்கு மனசில் காய்ச்சல். பாறையை விட்டு எழுந்திருக்காது. டாக்டர் ஆந்தை மருந்து கொடுக்கும். குட்டி தினமும் வந்து, "மருந்து சாப்ட்டீங்களா?" என்று கேட்கும். அம்மா, "சாப்ட்டேன்!" என்று சொல்லிவிட்டு ஒரு தாவு தாவும். பிள்ளைகளும் சேர்ந்து தாவுவார்கள். மனசுக்கும் காய்ச்சல் வரும், ஒளிக்காமல் சொல்லுங்கள் என்று படம் முடியும்.

நிமி கேட்டாள்: "ஆயா, பவுடர் டப்பால இருக்கது அந்த மருந்துதான?"

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது ஒரு பாவமல்ல, காய்ச்சல் என்று ஒரு ஆட்டுக்குட்டியாவது சொல்லிவிட்டதே. சிசிலி சந்தோஷத்தில் அழுதாள். "ஆமாடி தங்கம். ஆயாவுக்கும் மனசுல காய்ச்சல்தான்" என்றாள்.

அன்று சாயங்காலமே நிமி அதை வீட்டில் சொல்லிவிட்டாள். மறுநாள் கிரெச்சுக்கு இரண்டே பிள்ளைகள்தான் வந்தார்கள். அதற்கும் மறுநாள் அவர்களும் இல்லை.

எஸ்டேட் ஜனங்கள் கெட்டவர்கள் இல்லை. சூப்ரவைசர்கூட மரியாதையாகத்தான் பேசினார். கொஞ்சநாள் தேயிலைக் காட்டில் களை எடுக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். பிளஸ் டூ படித்த ஜீவிதாவை ஆயாவாகப் போட்டார்கள். கபிரியேல், பதினோரு வருஷம் நான் காப்பாற்றியதை ஒரே நாளில் கொட்டிவிட்டாயே என்று பாத்திரத்தைத் தூக்கி எறிந்தான். சிசிலிக்கு அது வலிக்கவில்லை. பிள்ளைகள் வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. நிமியின் அம்மாவான சிஞ்சுவிடம் போய் நின்றாள். சிஞ்சுவின் மூத்தவன் ஜோஜோவை நடக்கப் பழக்கியவளே அவள்தான்.

"தப்பா நெனச்சிராதீங்கக்கா" என்றாள் சிஞ்சு. "ஜெபத் தியானத்துக்குப் போயிட்டு வந்து எத்தன பேரு மாத்திரையத் தூக்கிப் போட்டுட்டு, ஆண்டவரு சொகமாக்கிட்டாருன்னு சாட்சி சொல்றாங்க. நீங்களும் ரெண்டு மாசம் விட்டுக் காட்டுங்க. நல்லா இருந்தீங்கன்னா நானே மொதல்ல நிமியக் கொண்டாந்து விடுறேன்."

திடீரென்று நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சிசிலி அதை மறக்கவில்லை. ஆனாலும் சிஞ்சுவின் கண் முன்னாலேயே டப்பாவை ஓடையில் கவிழ்த்தாள்.

மூன்றாவது வாரம் தூக்கம் போயிற்று. பிறகு பசி போயிற்று. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பெண்கள் அவளை ஓரக்கண்ணால் பார்த்து இரண்டு மாதக் கெடுவுக்கு நாள் எண்ணினார்கள். அவள் சிரித்துக் காட்டினாள், வாய் கோணிற்று. ஆறாவது வாரம் காட்டில், செடிகளுக்கு நடுவே மண்வெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். மழை பெய்தது. எழுந்திருக்கவில்லை. கால் நிறைய அட்டை ஏறி இரத்தம் குடித்து உருண்டு விழுந்ததையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"நல்லவேள, நாம புள்ளைங்கள விடல" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் தலையாட்டினார்கள். மாத்திரையை விடச் சொன்னது யார் என்று அங்கே ஒருத்திக்கும் உறைக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் அவளைக் கைத்தாங்கலாகக் கீழே கூட்டி வந்தார்கள். ஒரு கையைக் கபிரியேல் பிடித்திருந்தான், மறு கையைச் சிஞ்சு. வழி கிரெச்சை ஒட்டித்தான். பிள்ளைகளுக்குப் பிடித்த படம் என்று ஜீவிதா அந்த வரையாட்டுக்குட்டிப் படத்தையேதான் போட்டிருந்தாள். நிமி ஆயாவைக் கண்டதும் டிவியை விட்டு வேலிக்கு ஓடி வந்தாள். ஈரத்தையும் இரத்தத்தையும் பார்த்துப் பயப்படவில்லை.

"ஆயா, மருந்து சாப்ட்டீங்களா?"

ஆறு வாரத்தில் அவளிடம் அதைக் கேட்ட ஒரே ஆள் அந்தப் பிள்ளைதான். சிசிலி நின்றாள். பதில் சொல்ல வாய் திறந்தாள். அதற்குள் சிஞ்சு அவள் கையை விட்டுவிட்டு, வேலிக்கு மேலே எட்டி நிமியின் வாயிலேயே ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

உள்ளே பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில், "சாப்ட்டேன்!" என்று கத்திக்கொண்டு தாவினார்கள்.